நாவல் அவளுடையது, மூக்கு உங்களுடையது

கேள்வி: நான் திருச்சிக்காரி. வங்கி வேலையில் மாற்றலாகி வந்து தண்டையார்பேட்டைக் கிளையில் ஐந்து வருடமாக இருக்கிறேன். இங்கே பார்த்ததை வைத்து முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் மகள்தான் நாயகி. கதை முழுக்க அவளே சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். அவளுடைய கல்லூரித் தோழி புளியந்தோப்புக்காரி. கதை நடப்பது 2019-இல். பதிப்பாளர், "அந்தப் பகுதி ஆட்கள் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், சென்சிடிவிட்டி ரீடர் மாதிரி, பின்னால் பிரச்சினை வரக்கூடாது" என்கிறார். எழுதுகிற நண்பர் ஒருவரோ, "இதெல்லாம் அமெரிக்காக்காரன் ஃபேஷன், விட்டால் நாளைக்கு எதையுமே எழுத விடமாட்டார்கள்" என்கிறார். இது தேவைதானா? யாரிடம் கொடுப்பது? எங்கள் கிளையில் குழுக்கடன் வாங்கியிருக்கும் மீன்காரம்மா ஒருவர் எனக்கு நல்ல பழக்கம், அவரிடம் படித்துக் காட்டலாமா? பணம் தர வேண்டுமா? "இதை எழுதாதே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. அடகு நகையை எடை போடும்போது அந்த அம்மா தராசைப் பார்க்காமல் பேங்க் அதிகாரியின் முகத்தையே பார்க்கிற இடம் அருமை. அது நீங்கள் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தது. கதை கவுன்ட்டரைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போகிறபோதுதான் தடுமாறுகிறது.

தேவைதானா என்றால், தேவைதான். ஆனால் உங்கள் பதிப்பாளர் சொல்கிற காரணத்துக்காக இல்லை. புத்தகம் வந்தபிறகு வம்பு வரக்கூடாதே என்பது அவர் கவலை. பணம் போடுகிறவருக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் அச்சுக்கு முன்னால் யார் படித்திருந்தாலும் வம்பைத் தடுக்க முடியாது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் வந்தது 2010-இல். எதிர்ப்பு கிளம்பியதோ நாலு வருடம் கழித்து, 2014 கடைசியில். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எழுதுகிற வேலைக்கு அவர் திரும்பட்டும் என்றது. கும்பலாக வந்து மிரட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவது வேறு விஷயம். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நாம் பேசுவது, கதையில் வருகிற வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் அச்சுக்கு முன்னால் படித்து, எங்கே இடிக்கிறது என்று உங்களிடம் மட்டும் சொல்வதைப் பற்றி. அவரை முன்வாசகர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உங்கள் பக்கங்களையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் அத்தியாயம். 2019 மே மாதம், விடியற்காலை. நாயகியின் அப்பா கூலிக்குப் போகிற லாஞ்சு, அதாவது விசைப்படகு, வஞ்சிரத்தோடு கரை சேர்கிறது. ஏலத்தில் கூட்டம் நெரிகிறது, அம்மா கூடையோடு முண்டியடிக்கிறார். வர்ணனை பிரமாதம். ஆனால் மே மாதம் காசிமேட்டிலிருந்து லாஞ்சு கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் நீட்டினார்கள். ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையோரம் போய்வரலாம், லாஞ்சு போகக் கூடாது. இது கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதியும் இல்லை. மீன் விலை ஏறுவதை வைத்தே வண்ணாரப்பேட்டையில் குழம்பு வைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதை வெறும் தகவல் பிழையாக எடுத்துக்கொண்டு மே மாதத்தை ஜூலையாக மாற்றினால் ஒரு நிமிட வேலை. எந்தப் புரூஃப் பார்க்கிறவரும் அதைச் செய்துவிடுவார். ஆனால் அந்த வீட்டிலேயே வளர்ந்த ஒரு பெண் படித்திருந்தால் மாதத்தை மாற்றச் சொல்லியிருக்க மாட்டாள். "தடைக்காலத்த ஏன் மேடம் உட்டுட்டீங்க?" என்றுதான் கேட்டிருப்பாள். இரண்டு மாதம் ஆம்பளைகள் கரையில். லாஞ்சைப் பழுது பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுகிறார்கள், வலை பின்னுகிறார்கள். கூலிக்குப் போகிற ஆளுக்கு வரும்படி நின்றுபோகிறது. அரசாங்கம் தரும் நிவாரணத் தொகை எத்தனை நாளைக்கு ஓடும்? அம்மா வியாபாரத்தை நிறுத்த முடியாது. ஃபைபர் படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் அடிதடி. வெளியூரிலிருந்து வந்த ஐஸ் மீனை வாங்கி உட்கார்ந்தால், வாடிக்கையாளர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதற்கு நடுவே ஜூனில் காலேஜ் திறக்கிறது, ஃபீஸ் கட்ட வேண்டும்.

இப்போது உங்கள் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். அடகு நகை உங்கள் கவுன்ட்டருக்கு எந்த மாதம் வந்தது? நீங்கள் எழுதவில்லை. நகை எதற்காக வந்தது என்பதற்கு "குடும்பக் கஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். தடைக்காலம் தெரிந்திருந்தால் அந்த இரண்டு அத்தியாயங்களும் தானாக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். முன்வாசகரால் கிடைக்கிற லாபம் இதுதான். அவர் எதையும் வெட்டச் சொல்லவில்லை, இருபது பக்கம் கூட்டி எழுதச் சொல்கிறார்.

அடுத்தது, மீன் வாடை. மூன்று அத்தியாயத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். அம்மாவின் புடவையில் மீன் வாடை, வீட்டுச் சுவரில் மீன் வாடை, நாயகி காலையில் எழுந்ததும் "வழக்கமான மீன் வாடை". கதை சொல்வது அவள். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற பெண்ணுக்குக் காலையில் கண் விழித்ததும் அந்த வாடை எப்படித் தெரியும்? கண், காது எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு மூக்கை மட்டும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள். அவளுக்கு வாடை தெரிகிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போனபோது. அல்லது உங்கள் பேங்க்கில் ஏசிக் காற்றும் ரூம் ஸ்பிரேயும் முகத்தில் அடித்து, அப்போதுதான் அவள் தன் கையை மோந்து பார்த்தபோது. அப்படி ஓர் இடத்தில் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். நீங்கள் யாரையும் கேவலப்படுத்தும் எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காசிமேட்டுப் பெண் ஒருத்தி இதைப் படித்தால், ஐந்து வருடமாகத் தன்னிடம் சிரித்துப் பேசின மேடத்துக்கு முதலில் தோன்றியது இதுதானா என்று நினைப்பாள். புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவாள். புத்தகத்துக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் எது?

அண்ணன் பாத்திரத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. கேரம் கிளப், கத்தி, கஞ்சா, கானா, நாலாவது பக்கத்தில் சாவு. இது நீங்கள் தண்டையார்பேட்டையில் பார்த்ததா, தியேட்டரில் பார்த்ததா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். ரவுடியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேரம் போர்டு என்றாலே ரவுடிகள் உட்காரும் திண்ணை என்று ஆக்கிவிட்டீர்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அந்தப் பக்கம் கேரம் பயிற்சிக்குப் போகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லி பாக்ஸிங் ஆடின குடும்பங்கள் உண்டு. அண்ணன் செத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாகட்டும், அது உங்கள் கதை. ஆனால் சாவதற்கு முன்னால் அவன் கொஞ்சம் வாழட்டும். அம்மா வாயில் வரிக்கு வரி "கஸ்மாலம்", "பேமானி" வைத்திருப்பதும் இதே கணக்குதான். ஏலத்தில் பேசுகிற பேச்சை யாரும் ராத்திரி சோறு போடும்போது பேசுவதில்லை.

எனக்கு ரொம்ப உறுத்தியது மூன்றாம் அத்தியாயம். தோழி வீட்டுக்கு நாயகி போகிறாள். தோழியின் கொள்ளுத்தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர் என்று பேச்சு வருகிறது. உடனே ஒரு வரி: "அந்தக் காலத்து ஸ்டிரைக்கை உடைத்த கருங்காலிகள் இந்தச் சேரியிலிருந்து போனவர்கள்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன்."

நீங்கள் படித்தது ஒரு பக்கத்துக் கதை. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று. வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னால் நின்றார்கள். அதைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் மில்லுக்குத் திரும்பினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சாதிக் கலவரமாகவே அது மாறியது. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சங்கத்தின் தலைமையில் யார் இருந்தார்கள், வேலைக்குப் போகாவிட்டால் பட்டினி முதலில் யார் வீட்டுக்கு வரும், வேலைநிறுத்தக்காரனோடு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவனிடம் ஒற்றுமை கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்காமல் "கருங்காலி" என்ற சொல்லைக் கையில் எடுக்கக் கூடாது. தங்கள் குடிசை எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு குடும்பத்தில், அவர்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே உங்கள் நாயகி இதை நினைக்கிறாள்.

வரியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். நாயகியின் தாத்தா சொல்லலாம், அந்த மாதிரி தாத்தாக்கள் இருந்தார்கள். அவள் அதை நம்பிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய், அங்கே தோழியின் பாட்டி வேறு ஒன்று சொல்லக் கேட்டால் அது ஒரு காட்சி. இப்போது அது உங்கள் சொந்தக் கருத்துபோல அந்தரத்தில் நிற்கிறது. புளியந்தோப்பு முன்வாசகர் ஒருவரால் மட்டும்தான் அந்தப் பாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று சொல்ல முடியும். எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் இருக்கிற அளவு.

உங்கள் நண்பரின் கோபத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. ஆங்கிலப் பதிப்புலகில் இந்த ஏற்பாடு அசட்டுத்தனமாகவும் நடந்திருக்கிறது. 1990-இல் இறந்துபோன ரோல்ட் டாலின் குழந்தைப் புத்தகங்களில், குண்டு, அசிங்கம் என்று வந்த இடங்களை எல்லாம் தேடித்தேடி நூற்றுக்கணக்கான மாற்றங்களைப் பதிப்பகம் செய்திருந்தது 2023 பிப்ரவரியில் வெளியே வந்தது. பெரிய சத்தம் எழுந்து, பழைய வடிவமும் கடையில் கிடைக்கும் என்று அதே மாதம் அறிவித்தார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. செத்தவரால் "சரி" என்றோ "முடியாது" என்றோ சொல்ல முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், புத்தகம் இன்னும் அச்சாகவில்லை, கடைசி முடிவும் உங்களுடையது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

முன்வாசகர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பிரமைதான். கொசோகோ ஜாக்சன் என்ற அமெரிக்க இளைஞர், பதிப்பகங்களுக்கு இதே வேலையைச் செய்துகொடுத்தவர். கொசோவோ போரைப் பின்னணியாக வைத்து அவரே எழுதிய நாவல், அந்தப் போரையும் அங்கிருந்த முஸ்லிம்களையும் காட்டியவிதம் சரியில்லை என்ற எதிர்ப்பில் 2019-இல் வெளிவருவதற்கு முன்பே அவராலேயே திரும்பப் பெறப்பட்டது. ஒரு விஷயத்தில் ஊருக்குப் புத்தி சொல்லக்கூடியவர் இன்னொரு விஷயத்தில் வெளியாள்தான்.

யாரிடம் கொடுப்பது என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. வடசென்னை என்று வாய் சொல்கிறதே தவிர, அப்படி ஒரே மாதிரி ஓர் ஊர் கிடையாது. சவுகார்பேட்டை மார்வாடிக் கடை, மண்ணடி, பெரம்பூரில் ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்கள், ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி கோவில். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் இறால் தேடுகிறவருக்கும் காசிமேட்டில் லாஞ்சு வைத்திருப்பவருக்கும் மீன் என்ற ஒன்றுதான் பொது. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், காசிமேடு எனக்கு நடக்கிற தூரம். ஆனாலும் உங்கள் நாவலுக்கு முன்வாசகராக இருக்க எனக்குத் தகுதி கிடையாது. தடைக்காலத்தில் மீன் விலை என்ன என்று சொல்லுவேன். தடைக்காலத்தில் புருஷன் இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எடிட்டரின் வேலை வேறு, இந்த வேலை வேறு.

உங்கள் கிளையின் மீன்காரம்மாவிடம் மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பழக்கம் இருக்கலாம், பிரியமும் இருக்கலாம். ஆனால் அவருடைய குழுக்கடன் உங்கள் மேஜையில் இருக்கிறது. அடுத்த வருடம் தொகையைக் கூட்டிக் கேட்க வேண்டியவர், மேடம் எழுதின கதையில் தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? "சூப்பரா கீது மேடம்" என்பார். நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள். அதேபோல ஊர்ப் பஞ்சாயத்தார், சங்கத் தலைவர், கட்சிப் பொறுப்பாளர் வேண்டாம். அவர்கள் ஊருக்காகப் பேசிப் பழகியவர்கள், கதையைப் படிக்கும்போதும் ஊருக்காகத்தான் படிப்பார்கள்.

வீட்டில் முதல் தலைமுறையாகக் காலேஜ் போய் இலக்கியம் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் நிறையப் பேர். சர் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரி இங்கெல்லாம் தமிழ்த்துறையில் நாவல் படிக்கிற ஆசிரியர்களைக் கேட்டால் ஆள் சொல்வார்கள். நாயகி வயதுப் பெண் ஒருத்தி, அவள் அம்மா வயதில் ஒருவர் என்று காசிமேட்டுக்கு இரண்டு பேர், புளியந்தோப்புக்குத் தனியாக ஒருவர். ஒரே ஆள் போதாது. ஒருவர் சொல்வதை ஊரே சொன்னதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அம்மா வயதுக்காரருக்கு நாவல் படிக்கிற பழக்கம் இருக்காது, பரவாயில்லை. சம்பந்தப்பட்ட நாலைந்து காட்சிகளை உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். நீங்களே படிக்க வேண்டாம், அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் வேறு பேச்சுக்குப் போகிறார் என்று கவனித்தாலே பாதி விஷயம் கிடைத்துவிடும்.

பணம் கட்டாயம் தர வேண்டும். புரூஃப் பார்க்கிறவருக்கு என்ன தருவீர்களோ அதற்கு ஒரு ரூபாய் குறையக் கூடாது. படித்துக் காட்டக் கூப்பிடுகிற அம்மாவுக்கு அன்றைய வியாபாரம் போகிறது, அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர்தானே இந்த யோசனை சொன்னார், அவரிடமே கேளுங்கள். தமிழில் எடிட்டருக்கே ஒழுங்காகப் பணம் கிடைப்பதில்லை என்பது தனிக்கதை, அதை இப்போது ஆரம்பித்தால் முடியாது. அவர் கையை விரித்தால் நீங்கள்தான் போட வேண்டும். முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் பணம் உண்டு என்று தெரிந்தால்தான் பிடிக்கவில்லை என்று சொல்ல வருவார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான். எந்த இடத்தில் "இதெல்லாம் நடக்காது" என்று தோன்றியது? இந்த அம்மா உங்களுக்குத் தெரிந்த யார் மாதிரியாவது இருக்கிறாரா? உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் எந்தப் பக்கத்தைக் காட்ட மாட்டீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், பதில் பெரும்பாலும் அதில்தான் வரும். கேள்விகளை எழுதிக் கொடுங்கள், பதிலைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யக் கேளுங்கள். அவர் பேசும்போது நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எல்லாம் கெட்டது. "நான் என்ன அர்த்தத்துல எழுதினேன்னா" என்று வாய் வரும், கடித்துக்கொள்ளுங்கள்.

"எழுதாதே" என்று சொன்னால்? சொல்லக்கூடும். மே மாத லாஞ்சு போன்ற தகவல் என்றால் மறுபேச்சு இல்லாமல் திருத்துங்கள். மீன் வாடை மாதிரி பார்வைக் கோளாறு என்றால் ஒரு வாரம் ஊறப்போட்டு யோசியுங்கள், அநேகமாக அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் "இதை எழுதினால் எங்கள் மானம் போகும்" என்று சொல்கிற இடங்கள் வரும். உங்கள் நாவலில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஊர் ஆண் ஒருவர் படித்தால் அதை எடுக்கத்தான் சொல்வார். அதற்காகத்தான் பெண்களிடம் கொடுங்கள் என்றேன். அவர்கள் "எடு" என்று சொல்லாமல் "அவ சும்மா அடி வாங்கினு நிக்க மாட்டா" என்று சொன்னால், அம்மா பாத்திரமே மாறிவிடும். அம்மாவும் மகளும் வேறுவேறாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டாகப் பார்க்கிற ஒரு விஷயம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. எல்லாம் கேட்டபிறகும் ஒரு காட்சி அப்படியே இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் வையுங்கள். ஏன் வைத்தீர்கள் என்று அவர்களிடம் போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் காட்சியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

அப்புறம், பின்னட்டையில் "காசிமேட்டு மக்களே படித்து ஏற்றுக்கொண்ட நாவல்" என்று பதிப்பாளர் ஏதாவது போடப் பார்ப்பார், விடாதீர்கள். படித்தது மூன்று பேர். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் அந்த மூன்று பேர் தலையில் விடியும். நன்றிப் பக்கத்தில்கூட பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, காலம். புத்தகக் கண்காட்சிக்கு வேண்டும், நவம்பரில் கொடுங்கள் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நம் பதிப்புலகமே ஜனவரியை நம்பி நடக்கிறது, தெரிந்ததுதான். ஆனால் பக்கங்கள் அச்சுக்குப் போகிற வாரத்தில் முன்வாசகரிடம் கொடுத்தால் அது சடங்கு. எழுத்துப்பிழை திருத்தலாம், தடைக்காலத்தை நுழைக்க முடியாது. மூன்று பேர் படிக்க இரண்டு மாதம், நீங்கள் திருப்பி எழுத குறைந்தது நாலு மாதம். அடுத்த ஜனவரிக்குத் தருகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நெருக்கினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள், எடிட்டர்தான் நிறுத்தச் சொன்னார் என்று பழியை என் மேல் போடுங்கள்.